ஒலிபெருக்கி சரியில்லை

ஜனவரி 12

கிணற்று மோட்டர் மறுபடியும் நின்றுவிட்டது. திருத்துகிறவன் "நாளைக்கு வாறன் ஐயா" என்றான். அவனுடைய நாளை எந்தக் கலண்டரிலும் இல்லை. வாளியால் அள்ளிக் குளித்ததில் முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அறுபத்தாறு வயதில் இது தேவையா?

பத்து மணிக்குக் கட்சி அமைப்பாளர் ஜெயரூபன் வந்தான். ஜனாதிபதி வேட்பாளர் வவுனியாவுக்கும் மன்னாருக்கும் பேச வருகிறாராம். அவருக்குத் தமிழ் வராது. சிங்களத்தில் அவர் ஒரு வசனம் சொல்ல, பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும்.

"முதலியார் ஐயா, முப்பத்தொரு வருசம் கோட்டில நிண்டனீங்கள். உங்களை விட்டா ஆர்?" என்றான்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரை இங்கே முதலியார் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் என்னோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வேட்பாளரின் பெயரை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. என்னைக் கேட்காமலே எங்கள் மதிலில் மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு அவர் லோயர். பத்தொன்பது வருடத்துக்கு முன் இந்த ஊருக்கு வந்து, சந்தியில் பிடிபட்ட மூன்று பொடியன்களுக்காகக் காசு வாங்காமல் வாதாடியவர். அரசியலமைப்புப் புத்தகத்தைக் கையில் பிடித்து அவர் பதின்மூன்றாம் உறுப்புரையை வாசிக்க, நான் தமிழில் சொன்னேன். சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் எவரையும் கைதுசெய்யலாகாது. கைதுசெய்தால் நீதவான் முன் கொண்டுவர வேண்டும். பொடியன்கள் அன்று பின்னேரமே வீட்டுக்குப் போனார்கள். அன்று என் தொழிலைப் பற்றி எனக்கு இருந்த பெருமை பிறகு ஒருநாளும் இருந்ததில்லை.

என் மகன் துஷியந்தன் ஆறு வருடமும் இரண்டு மாதமுமாக விளக்கமறியல் சிறையில் இருக்கிறான். பயங்கரவாதத் தடைச் சட்டம். ஒரு பழைய கைத்தொலைபேசியில் யாரோ ஒருவனுடைய இலக்கம் இருந்ததாம். அதோடு இவன் சொல்லாததை எழுதிய பொலிஸ் வாக்குமூலம் ஒன்று, அவ்வளவுதான். வழக்கை நாற்பத்தொரு தடவை கூப்பிட்டாயிற்று, விசாரணை தொடங்கவில்லை. முதல் தடவை அவனை முன்னிறுத்திய அன்று எனக்கு லீவு கொடுத்துவிட்டார்கள்.

"போங்கோ. போய் அந்தாளிட்டப் பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றாள் இராசமலர்.

"முதலியாருக்குச் சொந்தக் கதை கிடையாது."

"அப்ப வீட்டிலயே ஊமையா இருங்கோ" என்று சொல்லிவிட்டு என் மனைவி தேங்காய் துருவப் போனாள்.

ஜனவரி 13

ஒப்புக்கொண்டேன். மோட்டர்காரன் வரவில்லை.

ஜனவரி 26

நகரசபை மைதானம் நிறைந்துவிட்டது. முன்வரிசை முழுக்கத் தாய்மார். ஒவ்வொருவர் மடியிலும் மறியலில் இருக்கிற பிள்ளையின் படம், பிளாஸ்ரிக் உறை போட்டு. மேடையில் நின்றால் அந்த முகங்கள் எல்லாம் என்னையே பார்ப்பது போல இருந்தது.

லோயர் நரைத்துவிட்டார். ஆனால் அதே புத்தகம், அட்டை மட்டும் புதிது. "சட்டத்துக்கு மேலே ஒருவரும் இல்லை, நாளைக்கு நான் ஜனாதிபதியானால் நானும் இல்லை" என்றார். சொன்னேன். "ஒரு மனிதனைச் சும்மா அடைத்து வைக்க இந்தப் புத்தகம் இடம் தரவில்லை" என்றார். சொன்னேன். பிறகு தடைச் சட்டத்துக்கு வந்தார். மைதானத்தில் ஒரு குழந்தை கூட அழவில்லை. அவர் சொல்லி முடிக்க நான் தமிழில் சொன்னேன்.

கைதட்டல் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தது. ஒரு தாய் எழுந்து படத்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். லோயர் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஒலிபெருக்கி சரியில்லை. ஒரே இரைச்சல். யாருக்கு என்ன கேட்டதோ தெரியாது.

ஜனவரி 27

ஜெயரூபன் போன் பண்ணினான். "கலக்கிப்போட்டியள் ஐயா! நூறு நாளில சட்டம் போகுது, பிள்ளையள் எல்லாம் வீட்டை வருகுதாம் எண்டு ஊர் முழுக்கக் கதை."

முதுகு வலிக்கு எண்ணெய் பூசிக்கொண்டு படுத்தேன்.

பெப்ரவரி 2

துஷியைப் பார்க்கப் போனோம். நான்கு மணி நேர பஸ், இரண்டு மணி நேர வரிசை, பத்து நிமிடம் அவன். இராசமலர் கட்டிக்கொண்டு போன இடியப்பத்தைக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். அவள் ஒவ்வொரு முறையும் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

உள்ளே இருந்த இந்த ஆறு வருடத்தில் துஷியின் சிங்களம் என்னுடையதைவிட நன்றாகிவிட்டது. என்னுடையது கோட்டுச் சிங்களம், அவனுடையது வாழ்கிற சிங்களம். வவுனியாப் பேச்சை உள்ளே தொலைக்காட்சியில் முழுசாகப் போட்டார்களாம்.

"அப்பா, அவர் குழு ஒண்டு அமைச்சுச் சட்டத்தை ஆராய்வம் எண்டுதானே சொன்னவர்?"

"நீ சரியாக் கேட்டிருக்க மாட்டாய்" என்றேன்.

அவன் தாயின் பக்கம் திரும்பி, கோழிகள் முட்டை இடுகின்றனவா என்று கேட்டான்.

பெப்ரவரி 9

மன்னார்க் கூட்டம். போகும்போது லோயர் என்னைத் தன் வாகனத்திலேயே ஏற்றிக்கொண்டார். பழைய வழக்கைப் பற்றிப் பேசினார். மூன்று பொடியன்களின் பெயரும் அவருக்கு ஞாபகம் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரத்தில் துஷியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

மதவாச்சி தாண்டியதும் தோடம்பழம் ஒன்றை உரித்துக்கொண்டே, "என்னுடைய செயலாளருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்" என்றார்.

உரித்த தோலை நான் கையில் வாங்கிக்கொண்டேன்.

"வவுனியாவில் எனக்குக் கிடைத்த கைதட்டல் நான் பேசியதற்குக் கிடைத்தது அல்ல என்று சொல்கிறார்." பழத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். "மொழிபெயர்ப்பு உங்கள் தொழில், முதலியார். அதில் நான் தலையிடமாட்டேன்."

பழம் நல்ல இனிப்பு.

மன்னாரில் அவர் மறுபடியும் குழு என்றார். நான் மறுபடியும், "நூறு நாளுக்குள் அந்தச் சட்டத்தை நீக்குவேன். உள்ளே இருப்பவர்கள் வீடு திரும்புவார்கள். இது என் வாக்கு" என்றேன். இந்த முறை நாக்குத் தடுமாறவில்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு சொல் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. களவெடுத்தவன் "நான் எடுத்தேன்" என்றால் "நான் எடுத்தேன்" என்பேன். நீதவான் "நான் தண்டிக்கிறேன்" என்றால் "நான் தண்டிக்கிறேன்" என்பேன். இவ்வளவு காலமும் மற்றவர்களுடைய வாயாக இருந்தவனுக்கு ஒரே ஒரு தரம் சொந்தமாக ஒரு வசனம் சொல்ல உரிமை இல்லையா? அந்த மனிதர் நல்லவர். வென்றால் செய்யத்தான் போகிறார். நடக்கப்போவதைக் கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான்.

கூட்டம் முடிய, கருவாடு விற்கிற பிலோமினா என்ற பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகன் அன்ரன், ஏழு வருடம். "உங்கட வாயால கேட்டிட்டன் ஐயா. எனக்கு அது காணும்" என்றாள்.

மார்ச் 1

வாக்களித்தோம். இராசமலர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து வரிசையில் நின்றாள்.

மார்ச் 4

லோயர் பதவியேற்றார். பிரமாணம் செய்யும்போதும் சட்டைப்பையில் அந்தப் புத்தகம். வீட்டில் பாற்சோறு. பிலோமினா போனில், "மாதா கலண்டரில இண்டைக்கு ஒண்டு எண்டு போட்டிட்டன் ஐயா. ஜூன் பதினொண்டு நூறு" என்றாள்.

மார்ச் 29

மோட்டர் ஓடுகிறது. வேறு விசேஷம் இல்லை.

ஏப்ரல் 18

புத்தாண்டு முடிந்து நான்கு நாள். துஷியின் சட்டத்தரணி கூப்பிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால் ஒரு வருடம் புனர்வாழ்வு முகாம், பிறகு வீடு. மாட்டேன் என்றால் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம். அதில் ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு இந்தக் கடிதம் போயிருக்கிறது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சட்டத்தை நீக்கப்போகிற அரசாங்கம் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறது? இந்தக் கேள்வியை நான் இராசமலரிடம் கேட்கவில்லை.

ஏப்ரல் 20

தனியாகப் போய் வந்தேன். துஷி மெலிந்திருந்தான்.

"செய்யாததைச் செய்தனான் எண்டு எழுதிக் குடுக்கிறதோ? நீங்கள் கோட்டில வேலை செய்த மனிசன். நீங்களே சொல்லுங்கோ" என்றான்.

"வை" என்றேன்.

"நூறு நாள் முடிய இன்னும் அம்பத்திரண்டு நாள் கிடக்கு. நீங்கள்தானே மேடையில சொன்னனீங்கள்?" கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் கண்ணையே பார்த்தான். அவன் கேலி செய்யவில்லை. நான் சொல்வதைக் கேட்கத்தான் நின்றான்.

"கையெழுத்தை வை, தம்பி."

"அப்ப சரி" என்றான்.

வரும் வழியில் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். செய்தது புத்தியான காரியம்.

ஏப்ரல் 24

பிலோமினா மன்னாரிலிருந்து விடியவே பஸ் ஏறி வந்திருந்தாள். பத்திரிகைத் தாளில் சுற்றிய கட்டாக் கருவாடு, இரண்டு கிலோ இருக்கும். அன்ரனுக்கும் அதே கடிதம்.

"பொடியன் கையெழுத்து வைக்கவோ எண்டு கேக்கிறான் ஐயா. நான் சொன்னன், இன்னும் நாப்பத்தெட்டு நாள் பொறு, குற்றவாளி எண்ட பேரோட வீட்டை வராதை எண்டு. நான் சொன்னது சரிதானே?"

"அது பிள்ளையின்ர விருப்பம்" என்றேன்.

"உங்கட மகனுக்கு என்ன சொல்லப்போறியள்?"

"இன்னும் யோசிக்கேல்லை."

தேத்தண்ணீர் குடித்துவிட்டு, பத்தரை பஸ்ஸுக்குப் போய்விட்டாள். இராசமலர் கருவாட்டை அடுப்படியில் ஆணியில் தொங்கவிட்டாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமை" என்றாள். சமையலைப் பற்றி அதற்குமேல் பேச்சில்லை.

மே 6

வேலைநிறுத்தம் செய்த துறைமுகத் தொழிலாளர் ஒன்பது பேரைப் பிடித்திருக்கிறார்கள். தடைச் சட்டத்தின் கீழ். செய்தியில் லோயர், "சட்டத்தின் ஆட்சி எல்லோருக்கும் சமம்" என்றார். நான் மனதுக்குள் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். பழக்கம்.

மே 9

துஷியை முகாமுக்கு மாற்றிவிட்டார்கள். மரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசலாம். இடியப்பத்தைக் குத்தவில்லை. இராசமலர் ஊட்டிவிட்டாள்.

பின்னேரம் பிலோமினா போன். துஷியின் விஷயம் எப்படியோ அவள் காதுக்குப் போயிருக்கிறது. "உங்கட பிள்ளைக்கு உடம்புக்கு ஏலாது எண்டு கேள்விப்பட்டன். அதாலதானே வைச்சவர்? ஒண்டும் யோசியாதையுங்கோ ஐயா" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

மகனுக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை என்று நான் சொல்லவில்லை.

மே 27

அன்ரனுக்குக் குற்றப்பத்திரம் கொடுத்துவிட்டார்கள்.

ஜூன் 11

நூறு. மாவட்டச் செயலகக் கச்சேரிக்கு முன்னால் தாய்மார் படங்களோடு உட்கார்ந்தார்கள். காற்று புழுதியை அள்ளி அவர்கள் மேல் கொட்டியது. நான் மருந்து வாங்கப் போவதுபோல அந்தப் பக்கம் போய், வீதியின் எதிர்க்கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். பிலோமினா கலண்டரையே மட்டையில் ஒட்டிப் பிடித்திருந்தாள்.

ஜூன் 12

ஜனாதிபதி செயலகத்தின் அறிக்கை பத்திரிகையில் வந்திருக்கிறது. நூறு நாள் என்று ஜனாதிபதி எங்கும் கூறவில்லை. குழு அமைப்பதாகவே கூறினார். சந்தேகம் உள்ளவர்கள் அவருடைய உரையின் ஒளிப்பதிவைப் பார்க்கலாம்.

முழு உண்மை. அந்த இடத்தில் நின்று இரண்டு மொழியையும் கேட்டு, அது உண்மை என்று நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் நான், மற்றவர் அந்த அறிக்கைக்குக் கையெழுத்து வைத்த, கொஞ்சம் தமிழ் தெரிந்த செயலாளர்.

ஜூன் 15

யாழினி என்ற இளம் சட்டத்தரணி வந்தாள். தாய்மாருக்காக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடுகிறாள். ஜனாதிபதி கொடுத்த வாக்கை நம்பித்தான் அன்ரன் சலுகையை விட்டான் என்பதுதான் அவளுடைய வாதம். அதற்குப் பேச்சின் சிங்கள மூலமும் அதற்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை குத்திய தமிழும் வேண்டும்.

"நீங்கள்தான் செய்யவேணும் எண்டு பிலோமினா அன்ரி ஒரே பிடியா நிக்கிறா. வேற ஆரையும் அவ நம்பமாட்டா" என்றாள்.

அவளுக்குச் சிங்களம் அரைகுறை. ஒளிப்பதிவில் என் குரல்தான் அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

ஜூன் 17

முத்திரையை மேசையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள். ஒளிப்பதிவை எட்டுத் தரம் கேட்டேன். அவருடைய வசனம் பதினான்கு சொல். என்னுடையது அவர் சொல்லாத வேறொன்று.

இராசமலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடையவில்லை.

"எனக்கு எப்பவோ தெரியும். துஷியைக் கையெழுத்து வைக்கச் சொல்ல நீங்கள் தனியப் போன அண்டைக்கே தெரியும்" என்றாள். பிறகு, "அவர் சொன்னவர் எண்டே எழுதிக் குத்துங்கோ. பெரிய பெரிய ஆக்கள் எல்லாம் பொய் சொல்லேக்க உங்கட ஒரு பொய்யிலயோ உலகம் கவிழப்போகுது? பாவம், அந்த மனிசி."

"அரசாங்கத் தரப்பில சிங்களம் தெரிஞ்சவன் இருக்கிறான். ஒரு நிமிசத்தில வழக்கே போயிடும்."

"அதுக்காகவோ எழுதமாட்டன் எண்டிறியள்?"

அதற்காக மட்டும் இல்லை. எழுதியதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமில்லாத காகிதத்தை வைத்துத்தான் என் மகனை ஆறு வருடம் அடைத்து வைத்தார்கள். இன்னொரு காகிதத்தை அப்படி நான் செய்து கொடுக்க மாட்டேன். இதை மார்தட்டிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த ஞானம் ஜனவரியில் வந்திருக்க வேண்டும்.

ஜூன் 18

சரியான மொழிபெயர்ப்பை எழுதி முத்திரை குத்தினேன். யாழினி வாசித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தாள். வாகனத்தில் நடந்ததைச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் மறுக்கேல்லை. பிடிக்கிறதுக்கு இது ஒண்டுதான் கிடக்கு, ஐயா. ஆனா உங்கட வாய்வார்த்தை மட்டும் காணாது. அந்த நேரமே எங்கயாவது எழுதி வைச்சனீங்களோ?"

எழுதியிருக்கிறேன் என்றேன்.

"வெல்லுவம் எண்டு நான் சொல்லமாட்டன்" என்றாள்.

ஜூன் 19

பிலோமினா வந்தாள். நான்தான் வரச் சொன்னேன். யாழினி சொல்லி அவள் அறிவது முறையில்லை.

"வாசியுங்கோ" என்றாள். வாசித்தேன். நான் ஜனாதிபதியானால், இந்தச் சட்டத்தைப் பற்றி ஆராய்ந்து சிபாரிசு செய்ய ஒரு குழுவை அமைப்பேன்.

"பிறகு?"

"அவ்வளவுதான்."

"மிச்சம் ஆர் சொன்னது?"

"நான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் கருவாடு கொண்டு வந்த அண்டைக்கு உங்கட மகனுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"நாலு நாளைக்கு முன்னமே சொல்லிட்டன்."

"ம்."

சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது.

"கருவாடு சமைச்சனீங்களோ?"

"இல்லை."

"அப்ப தாங்கோ. கொண்டு போறன்."

இராசமலர் ஆணியிலிருந்து எடுத்து அதே பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். பிலோமினா அதைப் பைக்குள் வைத்து, பையின் வாயை முடிந்துகொண்டு போனாள்.

ஜூன் 20

நாளைக்கு யாழினி வந்து இந்தக் கொப்பியை வாங்கிக்கொண்டு போவாள். பெப்ரவரி 9ஆம் திகதிப் பக்கம் மட்டும் அவளுக்குப் போதும். மற்றவற்றை வெட்டி எடுத்துவிடலாம் என்று காலையில் கத்தரிக்கோலை எடுத்தேன். தாள் கிழித்த கொப்பியை எந்த நீதிமன்றமும் ஏற்காது. இதை நான் எத்தனையோ பேருக்குத் தமிழில் சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் 20, ஏப்ரல் 24, மே 9 எல்லாம் கோட்டுக்குப் போகட்டும். கொழும்பில் யாரோ ஒரு முதலியார் இவற்றைச் சிங்களத்தில் மொழிபெயர்ப்பார். கூட்டாமல் குறைக்காமல் செய்வார் என்று நம்புகிறேன்.

வழக்கு நிலைக்காது என்றே நினைக்கிறேன். அன்ரன் வரமாட்டான். என் மகன் வருவான்.

ஒரு திருத்தம் மட்டும் செய்ய வேண்டியிருக்கிறது. ஜனவரி 26ஆம் திகதிப் பதிவில் ஒலிபெருக்கி சரியில்லை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். ஒலிபெருக்கி நன்றாக இருந்தது. கடைசி வரிசை வரைக்கும் எல்லோருக்கும் கேட்டது.